ஐம்பது வருஷக் காபி இடைவேளை

மின்னசோட்டாவில், நார்வேக்காரர்கள் குடியேறிய எங்கள் ஊர்ச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஆண்டுக் கூட்டத்துக்கு யார் வரவில்லையோ அவரைத்தான் பொறுப்புக்கு ஒருமனதாகத் தேர்ந்தெடுப்போம். வந்தவர்கள் எல்லோரும் குனிந்து தங்கள் காலணிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வராத ஒருவரின் பெயரை யாராவது சொல்வார்கள். கைகள் சடசடவென்று உயரும். பல் பிடுங்கப் போன நாளில் நான் இப்படித்தான் செயலாளர் ஆனேன், அது ஆயிற்று பதினோரு வருஷம். 1987 ஜனவரியில் ஓர்லின் ராஸ்டாட் வடக்கு ஸ்கூர்டால் லுத்தரன் சபையின் நூறாண்டு வரலாற்றை எழுதுபவர் ஆனதும் இப்படித்தான். அன்று அவர் ஓட்டும் பள்ளிப் பேருந்து பனியில் சிக்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் தபால் நிலையத்தில் மூன்று பேர் அவர் கையைக் குலுக்கினார்கள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நேரே என் வீட்டுக்கு வந்தார்.

"ஆர்டிஸ், நான் எதையாவது ஜெயிச்சிட்டேனா?"

"வரலாறு எழுதப் போற. ஜூன் பதினாலாம் தேதி விழா. அதுக்குள்ள புஸ்தகம் வரணும்."

"எனக்கு வாழ்த்து அட்டை எழுதவே ரெண்டு நாள் ஆகுமே."

"அதையும் சொன்னாங்க. நிதானமான ஆளுன்னு மெச்சிக்கிட்டாங்க."

அவர் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார். மாட்டேன் என்று சொல்வார் என்று நினைத்தேன். எங்கள் ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டு வெகுநாள் ஆயிற்று. "சரி, பழைய புஸ்தகங்களைப் பாக்க விடுவாங்களா?" என்று மட்டும் கேட்டார். ஏன் அப்படிக் கேட்டார் என்பது எனக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். யாரும் பேசமாட்டோம், அவ்வளவுதான்.

விஷயம் இதுதான். எங்கள் கோயிலுக்கு எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம், தெற்கு ஸ்கூர்டால் லுத்தரன் சபை இருக்கிறது. அதே வேதம், அதே பாட்டு, அதே உருளைக்கிழங்கு. கடவுள் ஒருவனை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு அவன் விசுவாசத்தைப் பார்த்தாரா, விசுவாசத்தைப் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுத்தாரா என்று எங்கள் முன்னோர் சண்டையிட்டுப் பிரிந்தார்கள். ஓர்லினின் அப்பா நெல்ஸ் 1936 நவம்பரில் தெற்கு சபைக்கு மாற விரும்பினார். கொள்கை காரணம் இல்லை. அங்கே குதிரைகளைக் குளிருக்கு ஒதுக்கிக் கட்டக் கொட்டகை இருந்தது. எங்கள் பாஸ்டர் மாற்றுக் கடிதம் எழுதிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை அதைத் தெற்கில் கொடுக்க வேண்டும். சனிக்கிழமை மதியம் தண்ணீர் இறைக்கும் காற்றாடிக் கம்பத்தின் மேல் ஏறிக் கிரீஸ் போடும்போது நெல்ஸ் விழுந்து செத்துப்போனார். கடிதம் கோட்டுப் பையிலேயே இருந்தது.

நாங்கள் அனுப்பிவிட்டோம் என்றது வடக்கு. எங்களுக்கு வந்து சேரவில்லை என்றது தெற்கு. இரண்டு கல்லறைத் தோட்டத்திலும் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. எங்கள் வேலிக்கு வெளியே, சாலையோரப் புல்தரையில், ஆண்டுக் கூட்டம் முடிவு செய்யும்வரை தற்காலிகமாகப் புதைத்தார்கள். மரச்சிலுவை உளுத்து விழுந்து, வயலில் கிடந்த கல் ஒன்றுதான் இப்போது அடையாளம். ராக்னா, அதாவது ஓர்லினின் அம்மா, சாகும்போது வேலிக்கு இந்தப் பக்கம் கடைசி இடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். இரண்டுக்கும் நடுவே பதினோரு அடி. ஓர்லின் ஒவ்வொரு கோடையிலும் அந்தக் கல்லைச் சுற்றிப் புல் வெட்டுவார். நாங்கள் ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, வெயில் அதிகம்தான் என்று பேசிக்கொள்வோம்.

வரலாறு எப்படி இருக்க வேண்டும் என்று சபைத் தலைவர் மில்ஃபர்ட் ஓர்லினுக்கு விளக்கினார். மில்ஃபர்ட் விதை வியாபாரி. எதையும் மூட்டையில் அச்சடித்தது மாதிரி பேசுவார்.

"முதல் அதிகாரம் பாஸ்டர்களோட படம். ரெண்டாவது கோயிலைச் சூடாக்கற உலை. மரம் போட்டு எரிச்சது, கரி போட்டு எரிச்சது, எண்ணெய் ஊத்தி எரிச்சது. அதுல ஒண்ணையும் விட்டுடாத, ஜனங்க ஆசையா படிப்பாங்க. சண்டை எதுவும் வேணாம். நம்ம சபையில சண்டையே நடந்ததில்ல."

"தெற்குக்காரங்க பிரிஞ்சது?"

"அவங்க சண்டை போட்டாங்க. நாம கேட்டுக்கிட்டு இருந்தோம்."

பாஸ்டர் கெர்டம் தலையசைத்தார். நல்ல மனிதர், எதற்கும் தலையசைப்பார். "வரலாறுங்கிறது மனசுக்கு ஆறுதலா இருக்கணும் ஓர்லின்," என்றார். "உண்மையெல்லாம் பின்னிணைப்புல போட்டுக்கலாம், இடம் இருந்தா."

மே மாத நிர்வாகக் கூட்டத்தில்தான் இடி விழுந்தது. விழாவுக்கு பிஷப் வருகிறார், நானூறு பேர் வருவார்கள், கார் நிறுத்த இடம் இல்லை. ஆகவே வேலிக்கும் சாலைக்கும் நடுவே உள்ள புல்தரையைச் சமன்படுத்திச் சரளை கொட்டுவது என்று மில்ஃபர்ட் வாசித்தார். நான் எழுதிக்கொண்டேன்.

ஓர்லின் எழுந்தார். "அங்க எங்கப்பா இருக்கார்."

ஒருவர் ஜன்னலைப் பார்த்தார். மில்ஃபர்ட் இருமினார்.

"பதிவேட்டுல அங்க கல்லறை எதுவும் இல்லியே ஓர்லின்."

"கல் இருக்கு."

"கல் எல்லா இடத்துலயும் இருக்கு. மின்னசோட்டாவே கல்லுதான். நீ எழுதிக் கொடு, பரிசீலிக்கிறோம்."

எழுதிக் கொடுத்தார். கல்லறைக் குழு, பதிவேட்டில் பெயர் ஏறினால்தான் பேச முடியும் என்றது. பதிவேட்டுக் குழு, ஆண்டுக் கூட்டத்தின் தீர்மானம் இருந்தால்தான் பெயர் ஏற்ற முடியும் என்றது. இரண்டு குழுவிலும் இருப்பது அதே மூன்று பேர். ஒரே மேசையில் உட்கார்ந்து, தங்களுக்குத் தாங்களே கடிதம் எழுதி, அதற்குத் தாங்களே பதிலும் போட்டார்கள். இரண்டு கடிதத்தையும் நான்தான் நகல் எடுத்தேன். அப்போது வந்த எரிச்சல் எனக்கு இன்னும் தீரவில்லை.

மிஞ்சியது பழைய கூட்டக் குறிப்பேடுகள். அவை நார்வே மொழியில் இருந்தன; ஓர்லினுக்குப் படிக்க வராது, எனக்கு வரும். கோயிலின் பின்னறையில் மூன்று மதியங்கள் உட்கார்ந்து புரட்டினோம். ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் காபி வழங்கப்பட்டது என்று எழுதியிருக்கும். யார் போட்டது, யார் ஊற்றியது என்று ஐம்பது வருஷக் குறிப்பில் ஓர் இடத்திலும் இல்லை. காபி தானாகவே சபை மேல் இறங்கி வந்தது போல எழுதி வைத்திருக்கிறார்கள்.

1937 ஜனவரி 12. அறுபத்து நான்கு ஆண்கள் ஆஜர். ஒன்பதாம் பொருள்: நெல்ஸ் ராஸ்டாட்டின் கடிதம் சேர வேண்டிய இடத்தைச் சேராததால் அது திரும்பப் பெறப்பட்டதாகக் கருதி, உடலை வேலிக்குள் கொண்டுவரலாமா என்பது. அதற்குக் கீழே ஒரே வரி. நான் வாய்விட்டுப் படித்தேன். "மணி 2.40. காபிக்காகக் கூட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது."

"அப்புறம்?" என்றார் ஓர்லின்.

பக்கத்தின் பாதி வெறுமையாக இருந்தது. திருப்பினேன். அடுத்த பக்கத்தில் 1938.

"அப்புறம் ஒண்ணுமில்ல. காபி குடிக்க நிலவறைக்கு இறங்கினவங்க மேல வரவே இல்ல."

ஓர்லின் அந்த வெற்றிடத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார். எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. எங்கள் சபைச் சட்டத்தின் ஏழாம் பிரிவு: ஓர் ஆண்டுக் கூட்டம் முறையாக முடிக்கப்படாமல் அடுத்த கூட்டத்தைத் தொடங்கலாகாது; தொடங்கினால் செல்லாது.

அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் ஓர்லின் இதை வாசித்ததும், மேசையைச் சுற்றியிருந்த ஒவ்வொரு முகமாக நிறம் மாறியது.

"யாரு எழுதின சட்டம் இது?" என்றார் மில்ஃபர்ட்.

"உங்க தாத்தா," என்றேன்.

கணக்குப் பார்த்தோம். 1937க்குப் பிறகு நடந்த எந்த ஆண்டுக் கூட்டமும் செல்லாது. எண்ணெய் உலை செல்லாது. பச்சைப் பாட்டுப் புத்தகம் செல்லாது. பெண்களுக்கு ஓட்டு என்ற 1958ஆம் வருஷத் தீர்மானம் செல்லாது, ஆகவே செயலாளராகிய நானும் செல்லேன். ஏழு பாஸ்டர்களை அழைத்த தீர்மானங்களும் செல்லா.

"அப்ப நான் யாரு?" என்றார் பாஸ்டர் கெர்டம்.

"காபி இடைவேளைல உள்ள வந்தவரு," என்றார் மில்ஃபர்ட், மிகுந்த மரியாதையோடு.

"நீங்க பண்ணி வச்ச என் கல்யாணம்?" என்று ஒருவர் கேட்டார்.

"அது நிக்கும். அதுல அரசாங்கம் சம்பந்தப்பட்டிருக்கு."

கேட்டவர் கொஞ்சம் ஏமாந்த மாதிரிதான் தெரிந்தது.

பிஷப் அலுவலகத்துக்குத் தகவல் போய், டாக்டர் எய்டி என்பவர் வந்து இறங்கினார். சட்ட விவகாரங்களுக்கு அவர்தான் பொறுப்பு. இரண்டு துண்டு பழக் கேக் சாப்பிட்டுவிட்டுப் பேசினார்.

"திருச்சபையோட நிலைப்பாடு தெளிவானது. நடந்ததெல்லாம் நடந்ததுதான். ஆனா முறைப்படி நடக்கல. முறைப்படி நடக்காத நூறு வருஷத்தை பிஷப் கொண்டாட முடியாது. முறைப்படி நடக்கலைன்னு முறைப்படி ஒத்துக்கிட்டா தாராளமா கொண்டாடலாம். அதனால அந்த 1937 கூட்டத்தைத் திரும்பக் கூட்டுங்க, முடிங்க. அப்புறம் மத்தது எல்லாத்தையும் ஒரே தீர்மானத்துல சரி பண்ணிடலாம். ரெண்டு நிமிஷ வேலை."

"ஒன்பதாம் பொருள்?" என்றார் ஓர்லின்.

"ஓட்டுக்கு விடாம கூட்டத்தை முடிச்சா அந்தப் பொருள் தானா செத்துடும். யாரு மனசும் புண்படாது."

ஓர்லின் தன் சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். ராக்னா பைபிளுக்குள் வைத்துக் காப்பாற்றிய அதே மாற்றுக் கடிதம். ஒட்டினது ஒட்டினபடி, பிரிக்கப்படாமல் இருந்தது. "கொடுக்கவே இல்லைங்க. பாருங்க," என்றார்.

டாக்டர் எய்டி அதைப் பிரித்துப் படித்தார். மூக்குக்கண்ணாடியை இறக்கினார். "நெல்ஸ், மனைவி ராக்னா, மகன் ஓர்லின். மூணு பேருக்கும் சேத்துதான் எழுதியிருக்கு. அப்படின்னா நீங்க இந்த சபை உறுப்பினரே இல்ல."

"நான் இங்கதான் ஞானஸ்நானம் வாங்கினேன். முப்பது வருஷமா வாசல்ல நின்னு ஜனங்களை உக்கார வைக்கிறேன்."

"வாங்கினீங்க. அப்புறம் ஆறு வயசுல கிளம்பிட்டீங்க."

"எங்க போனேன்?"

"எங்கயும் போய்ச் சேரல. அதான் சிக்கலே. நீங்க கூட்டத்துல பேச முடியாது. வருத்தமா எடுத்துக்காதீங்க, உங்க மேல எங்களுக்கு ரொம்பப் பிரியம். இது தற்காலிகமாதான்."

கூட்டம் ஜூன் 13, சனிக்கிழமை மதியம் என்று முடிவாயிற்று. 1937இல் ஓட்டுப் போட உரிமை இருந்தவர்களில் ஊரில் மிஞ்சியிருந்தது மூன்று பேர். தோலெஃப், இங்வால்ட், கூன்டர். மூவருக்கும் எழுபத்தைந்துக்கு மேல். மில்ஃபர்ட் ஒவ்வொருவர் வீட்டுக்கும் தானே போய், கூட்டத்தைத் தொடங்கி உடனே காபிக்குக் கலைந்து, மேலே வந்ததும் முடித்துவிடும்படி கேட்டுக்கொண்டார். சரளை லாரியையும் அதே மதியம் மூன்று மணிக்கு வரச் சொன்னார். அன்றைக்குக் காபி போட யாரும் இல்லை. பெண்கள் எல்லாம் மறுநாள் விருந்துக்குச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். நான் போடுகிறேன் என்றார் ஓர்லின். உறுப்பினர் அல்லாதவர் காபி போடக் கூடாது என்று சட்டத்தில் எங்கும் இல்லை. மில்ஃபர்ட் அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

அந்தத் தட்டலைப் பார்த்தபோது ஓர்லின் தோற்றுவிட்டார் என்று நினைத்தேன். மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. மனுஷன் கடைசியில் காபி போடுவதற்கா ஒத்துக்கொள்ள வேண்டும் என்று கோபம்கூட வந்தது.

சனிக்கிழமை லாரி சீக்கிரமே வந்துவிட்டது. வேலிக்கு வெளியே, எஞ்சினை அணைக்காமல் நின்றது. கோயிலுக்குள் கிழவர்கள் மூவரும் முதல் வரிசையில். பின்னால் மில்ஃபர்ட், பாஸ்டர், டாக்டர் எய்டி. எனக்கு எழுத அனுமதி, பேச அனுமதி இல்லை. வயதில் மூத்த தோலெஃப் தலைமை. அவர் குறிப்பேட்டைக் கண்ணுக்கு அருகே பிடித்து ஒன்பதாம் பொருளைப் படித்தார். படித்து முடிப்பதற்குள் இங்வால்ட் எழுந்தார்.

"காபிக்குப் போவோம். வந்து முடிச்சுக்கலாம்."

காபி என்ற சொல் காதில் விழுந்ததுமே கூன்டரின் கை தானாக மேலே போயிற்று. சுவர்க் கடிகாரத்தில் மணி 2.40. வரிசையாக நிலவறைக்கு இறங்கினோம்.

படியில் பாதி இறங்கும்போதே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. வாசனை இல்லை. கீழே மேசையில் கப்புகள் கவிழ்த்தபடி இருந்தன. அடுப்பின் மேல் பெரிய எனாமல் கெண்டி காலியாக, மூடி திறந்து கிடந்தது. பக்கத்தில் உடைக்காத ஒரு முட்டை. எங்கள் ஊரில் காபித் தூளோடு முட்டையை உடைத்துப் பிசைந்துதான் கொதிக்க வைப்போம். ஓர்லின் தன் அம்மாவின் வெள்ளை ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, கைகளை முழங்காலில் வைத்து, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"காபி எங்கப்பா?" என்றார் கூன்டர்.

"போடல."

எனக்கு அறுபது வயது. அந்த நிலவறையில் இந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை. டாக்டர் எய்டி கையில் எடுத்த தட்டை மெதுவாகக் கீழே வைத்தார்.

"விளையாடாத ஓர்லின். தண்ணிய வை," என்றார் மில்ஃபர்ட்.

"மாட்டேன்."

"ஓர்லின், சபை ஒழுங்குன்னு ஒண்ணு இருக்கு," என்றார் பாஸ்டர்.

"நான் சபை ஆளு இல்லியே பாஸ்டர்."

பாஸ்டருக்குத் தலையசைப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. வெளியே லாரியின் பின்கதவு கடகடத்தது. ஓர்லின் மேலே பார்த்தார், ஆனால் எழவில்லை.

தோலெஃப் ஒரு கப்பை நிமிர்த்தி வைத்து, அதன் உள்ளே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அப்படியே பேசினார்.

"நாங்க மறக்கலப்பா. அன்னிக்கி யாரும் மறக்கல. காபி ஊத்துற முறை அன்னிக்கி உங்கம்மாவோடது. புருஷன் செத்து ரெண்டு மாசம். இதே ஏப்ரன்தான். ஒரு வார்த்தை பேசல. கப்பு காலியானா வந்து நிறைப்பா. அறுபத்து நாலு பேரு. மேல போய் வேணாம்னு கை தூக்கறதாதான் எல்லாரும் பேசி வச்சிருந்தோம். நானும்தான். ஆனா அவ முகத்தைப் பாத்துட்டு எவனுக்குப் படியேற மனசு வரும்? கப்பை நீட்டிக்கிட்டே இருந்தோம். அவ ஊத்திக்கிட்டே இருந்தா. நாங்க குடிச்சிக்கிட்டு இருக்கிற வரைக்கும் அவ புருஷனுக்கு வேணாம்னு யாரும் சொல்லலை, அது அவளுக்கும் தெரிஞ்சிருந்தது. அப்புறம் பால் கறக்கிற நேரம் வந்துடுச்சி. ஒவ்வொருத்தனா கோட்டை மாட்டிக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டோம்."

ஓர்லின் ஏப்ரன் நுனியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"ஆனா மேலயும் போகல, கீழயும் சொல்லல," என்றார் தோலெஃப். "பொறுக்கிப் பசங்க நாங்க. எந்திரிங்கடா. மேல போவோம்."

ஏறினோம். அந்தப் படிகளில் நாங்கள் காபி குடிக்காமல் ஏறியது அதுதான் முதல் தடவை. மில்ஃபர்ட் இங்வால்டின் காதில் ஏதோ சொன்னார். தோலெஃப் புத்தகத்தால் பெஞ்சை ஓங்கித் தட்டினார். ஒன்பதாம் பொருள், வேண்டும் என்பவர்கள்? தோலெஃபின் கை. கூன்டர் இருபக்கமும் பார்த்தார். அவர் கை மடியிலிருந்து கிளம்பி, நெஞ்சு வரை வந்து, நின்றது. பின்வாசலில் ஓர்லின் நின்றுகொண்டிருந்தார். நான் பேனாவை அழுத்தியதில் முனை தாளைக் கிழித்துவிட்டது. கூன்டரின் கை மேலே போயிற்று.

இங்வால்ட் வேண்டாம் என்றார். "ஐம்பது வருஷமா அப்படியே நினைச்சிட்டிருக்கேன். இப்ப மாத்தினா அத்தனை வருஷமும் வீணாப் போயிடும்."

இரண்டுக்கு ஒன்று. ஓர்லின் வெளியே ஓடினார். ஐம்பத்தாறு வயது மனிதர், ஏப்ரனோடு, லாரிக்கு முன்னால் கையை விரித்து நின்றதை ஜன்னல் வழியே பார்த்தேன். இந்தத் தடவை வெயிலைப் பற்றி யாரும் பேசவில்லை.

மற்ற ஐம்பது வருஷத்தையும் அன்றே ஒரே தீர்மானத்தில் சரிசெய்தார்கள். விழா முடிந்த செவ்வாய்க்கிழமை மதியம் நெல்ஸை எடுத்து ராக்னாவின் பக்கத்தில் வைத்தோம். சரளையைத் தெற்கு சபை வாங்கிக்கொண்டது, பழைய குதிரைக் கொட்டகைக்கு முன்னால் போட. ஞாயிறு விழாவில் பிஷப், இந்த நூறு ஆண்டு ஒற்றுமை எல்லா சபைகளுக்கும் எடுத்துக்காட்டு என்று முப்பத்தைந்து நிமிஷம் பேசினார். ஓர்லின் எழுதிய வரலாற்றை மில்ஃபர்ட் அச்சுக்கு முன்பே திருத்திவிட்டிருந்தார். உலைகளுக்குப் பதினெட்டுப் பக்கம். 1937க்கு ஒரு வரி: ஆண்டுக் கூட்டம் இனிதே நடந்தது, காபி வழங்கப்பட்டது.

ஆனால் குறிப்பேடு என்னிடம்தானே இருக்கிறது. அந்தப் பாதி வெற்றுப் பக்கத்தில், பழைய செயலாளர் விட்ட இடத்துக்கு நேர் கீழே, எங்கள் வழக்கத்தை மீறி நான் இப்படி எழுதினேன்:

"கூட்டம் 1987 ஜூன் 13 அன்று மீண்டும் கூடியது. இடைவேளை: ஐம்பது வருஷம், ஐந்து மாதம், ஒரு நாள். ஒன்பதாம் பொருள் நிறைவேறியது. மணி 3.05க்குக் கூட்டம் முடிந்தது. இடைவேளையில் காபி ஊற்றியவர்: ராக்னா ராஸ்டாட்."